கழுத்தளவு இங்கிலீஷ்

போன வாரம் எங்கள் வீட்டு வாஷிங் மெஷின் வயிற்றில் பாதித் தண்ணீரோடு நின்றுவிட்டது. கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தச் சொன்னார்கள், அழுத்தினேன். பழுதுக்கு மூன்று, அதையும் அழுத்தினேன். கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, கடைசியில் தேன் தடவிய குரலில் ஓர் இயந்திரம் வந்து, “உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது” என்றது. எனக்குக் குபீரென்று சிரிப்பு வந்துவிட்டது. கூடத்திலிருந்த கணவர் எட்டிப் பார்த்தார். கத்த வேண்டிய நேரத்தில் பெண்டாட்டி சிரித்தால் எந்தப் புருஷனுக்கும் கொஞ்சம் பயம்தான்.

நான் என்ன செய்வேன்? அந்த வாக்கியம் எனக்குப் பழைய சிநேகிதி. அதை இங்கிலீஷில் ஒரு நாளைக்கு அறுபது தடவை சொல்லிச் சோறு தின்றவள் நான்.

இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. கூடுவாஞ்சேரியில் எங்களுடையது பழைய குடும்பம். தாத்தா காலத்தில் நெல் விளைந்த நிலம், அப்பா காலத்தில் கல் நட்டு மனைப்பிரிவாகிவிட்டது. நட்டவர் என் தாய்மாமா. ஜி.எஸ்.டி. ரோட்டில் அவருக்கு ஓர் ஆபீஸ் இருந்தது. ஒரு மேஜை, நாலு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் லேஅவுட் படம், அதற்குக் கீழே ‘சுவையான நிலத்தடி நீர்’ என்று கொட்டை எழுத்து. அந்த நீர் எங்கே இருந்தது என்று மாமாவுக்குத்தான் வெளிச்சம். எங்கள் வீட்டுக் கிணறே வற்றிப்போய், நாங்கள் வாரத்துக்கு ஒருமுறை தண்ணி லாரிக்குக் குடத்தோடு காத்துக் கிடந்தோம்.

நான் தமிழ் மீடியத்தில் படித்து, தாவரவியலில் பட்டம் வாங்கியதும் மாமா ஐந்தாவதாக ஒரு நாற்காலி வாங்கிப் போட்டார். அது எனக்கு. “வர்றவங்களுக்கு மோர குட்துட்டு, படத்த காட்டிகினு குந்தினு இரு. வேற இன்னா வேணும் உனுக்கு?” என்றார். எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கும் சரியாகத் தெரியாது. அந்த நாற்காலி வேண்டாம் என்று மட்டும் தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் கிண்டியில் ஒரு கால் சென்டரில் ஆள் எடுப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ‘உங்கள் பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்று இங்கிலீஷில் கேட்டார்கள். பத்தாம் வகுப்பில் ரயில் பயணம் பற்றி ஒரு கட்டுரை நெட்டுருப் போட்டிருந்தேன். ஜன்னல், மரங்கள், பின்னோக்கி ஓடும் மலைகள் உட்பட ஒரு சொல் விடாமல் ஒப்பித்தேன். கூடுவாஞ்சேரிக்கும் கிண்டிக்கும் நடுவில் அத்தனை மலைகள் ஏது என்று யாரும் கேட்கவில்லை. எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

அப்பா ஒரு கெடு வைத்தார். “மூணு மாசம் பாக்கலாம். வேல நெலயாச்சுன்னா போ. இல்லாங்காட்டி மாமா ஆபீசு.” மாமாவுக்கு அதுவே பொறுக்கவில்லை. “இங்கிலீசுல திட்டு வாங்கறதுக்கு கிண்டி வரைக்கும் போவணுமா? நான் தமிழ்லயே திட்றனே, இங்கியே இரேன்.”

திட்டு வாங்குகிற வேலை என்பதில் மாமா சொன்னது சரிதான். இங்கிலாந்தில் விற்ற வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் போன்றவை கெட்டுப்போனால் அந்த ஊர்க்காரர்கள் கூப்பிடும் எண், எங்கள் காதில் வந்து அடிக்கும். பகல் பன்னிரண்டரைக்கு வேலை தொடங்கும். பயிற்சி கொடுத்தவர் பிரகாஷ். சார் என்று கூப்பிடக் கூடாது, பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பார். எனக்கு அது வாயில் நுழையாமல், மூன்று மாதமும் அவரை ‘எக்ஸ்க்யூஸ் மீ’ என்றே கூப்பிட்டேன்.

முதல் வாரமே அவர் ஒரு தாள் கொடுத்தார். வெள்ளைக்காரர் எரிச்சல்பட்டால் என்னென்ன சொல்வார் என்று முப்பது தொடர்கள். ஏழாவது, ‘அட் தி எண்ட் ஆஃப் மை டெதர்’. பன்னிரண்டாவது, ‘ஃபெட் அப் டு தி பேக் டீத்’. பத்தொன்பதாவது, சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது என்பது. “இதெல்லாம் அவங்க சொல்வாங்க, நீங்க சொல்லக் கூடாது. புரிஞ்சுக்கிட்டா போதும். நீங்க சொல்ல வேண்டியது ஒரே லைன்தான்: ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன். ஓகேவா?” என்றார். ஓகே என்றோம் பதினெட்டுப் பேரும்.

இங்கே கொஞ்சம் பெருமையடித்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மற்ற பதினேழு பேரும் கான்வென்ட் இங்கிலீஷ். ஆனால் அந்த ஏழாவது தொடர் என்ன சொல்கிறது என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. எனக்கு உடனே தெரிந்தது. டெதர் என்றால் மாட்டைக் கட்டும் கயிறு. முளையில் கட்டிய மாடு, கயிறு எட்டுகிற வரைக்கும் இருக்கிற புல்லையெல்லாம் மேய்ந்துவிட்டு, அதற்கு அப்பால் பச்சையாகத் தெரிகிற புல்லைப் பார்த்துக் கழுத்தை இழுத்துக்கொண்டு நிற்குமே, அதுதான். எங்கள் கொட்டகையில் நான் தினமும் பார்த்தது. ‘தி லாஸ்ட் ஸ்ட்ரா’ என்ற தொடரும் அப்படித்தான்; வைக்கோல் வண்டியில், இனித் தாங்காது என்கிறபோது ஏற்றுகிற கடைசிக் கற்றை என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வெள்ளைக்காரனும் ஒரு காலத்தில் நம்மைப் போல மாடு மேய்த்தவன்தான் என்று தெரிந்த அன்றைக்கு, அந்தப் பாஷை மீது எனக்கிருந்த பயம் பாதி போய்விட்டது.

மீதிப் பாதி ரயிலில் போனது. பதினொரு மணி வண்டியில் பெண்கள் பெட்டி. சானடோரியம் ஸ்டேஷனில் ரேவதி ஏறுவாள். சிட்லபாக்கம் ஏரிக்கரை வீட்டுப் பெண், என்னோடு பயிற்சியில் இருந்தவள். டிபன் டப்பாவில் எலுமிச்சை சாதம் எப்போதும் இரண்டு பேருக்கு இருக்கும். எனக்கு முன்னாலேயே செல்வியக்கா ஏறி உட்கார்ந்திருப்பாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கொட்டிவாக்கம் பக்கத்துக் குப்பத்துக்காரி. விடியலில் மீன் கொண்டுவந்து கூடுவாஞ்சேரி மார்க்கெட்டில் விற்றுவிட்டு, கழுவிக் கவிழ்த்த அலுமினியக் கூடையோடு திரும்புவாள். எத்தனை கழுவினாலும் கூடைக்கு அதன் வாசனை உண்டு. அந்த மீன் வாசனையும் யாரோ தலையில் வைத்திருக்கும் மல்லிகையும் எலுமிச்சை சாதமும் கலந்த ஒரு மணம், இன்றைக்கும் முப்பது தொடர்களில் எதைச் சொன்னாலும் எனக்கு மூக்கில் வந்து நிற்கும்.

நாங்கள் தாளை வைத்துக்கொண்டு முணுமுணுப்பதைப் பார்த்துச் செல்வியக்கா ஒருநாள் கேட்டாள். “இன்னாம்மா அது, மந்திரமா?”

“இங்கிலீஷ்ல சலிச்சுக்கறது எப்படின்னு படிக்கறோம்க்கா” என்றாள் ரேவதி.

“சலிச்சுக்கறதுக்குக் கூடவா படிப்பு கீது?” என்று ஆச்சரியப்பட்டவள், உடனே சோதித்துப் பார்த்தாள். “இன்னைக்கு ஆட்டோக்காரன் கூடைய ஏத்த மாட்டேன்னு பூட்டான். இத்த இன்னான்னு சொல்வாங்கோ?”

‘ஐ ஹேவ் ஹேட் இட் அப் டு ஹியர்’ என்று சொல்லி, பிரகாஷ் காட்டிய மாதிரியே உள்ளங்கையைக் கழுத்துக்கு நேராக வைத்து, இதுவரைக்கும் வந்துவிட்டது, இனிப் பொறுக்க முடியாது என்று அர்த்தம் காட்டினேன். செல்வியக்காவுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. முன்பகுதியை விட்டுவிட்டு வாலை மட்டும் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து பெட்டியில் யார் வேண்டுமானாலும் தன் குறையைச் சொல்லலாம், நாங்கள் அதற்கு ஓர் இங்கிலீஷ் கொடுக்க வேண்டும். கேஸ் சிலிண்டர் வரவில்லை, நாத்தனார் போகவில்லை, மேனேஜர் லீவு தரவில்லை. பல்லாவரம் வருவதற்குள் முப்பதும் தீர்ந்துவிடும்.

ஒருநாள் டிக்கெட் பரிசோதகர் ஏறினார். கூடையைப் பார்த்துவிட்டு, அதையெல்லாம் வியாபாரிகள் பெட்டியில்தான் ஏற்ற வேண்டும் என்றார். செல்வியக்கா எழுந்து நின்றாள். “காலிக் கூட சார். அந்தப் பொட்டியில ஆம்பளைங்க நெருக்கித் தள்றாங்கோ. டெய்லி இதே பேஜாரு. அப் டு ஹியர் சார், அப் டு ஹியர்!” என்று கையைக் கழுத்தில் வைத்தாள். அவர் திகைத்துப் போனார். எதிர்சீட்டில் இருந்த நர்சம்மா என்ன நினைத்தாளோ, அவளும் கையைக் கழுத்தில் வைத்தாள். ரேவதி வைத்தாள். பூக்கட்டிக்கொண்டிருந்த பெண் நாரோடு கையைத் தூக்கினாள். பெட்டி முழுக்கக் கழுத்தில் கை. மனிதர் சிரித்தபடி திரிசூலத்தில் இறங்கிப் போய்விட்டார். அதற்கப்புறம் அது எங்கள் வழக்கமே ஆகிவிட்டது. யார் குறை சொன்னாலும் மற்ற எல்லோரும் ஒன்றும் பேசாமல் கையைக் கழுத்துக்கு உயர்த்துவோம். சொன்னவளுக்கு முகம் தெளிந்துவிடும்.

இந்தப் பழக்கம்தான் எனக்கு வினையாக வந்தது.

நேரடியாகப் போன் எடுக்கத் தொடங்கிய முதல் வாரம். ஓர் ஐயா, ஃபிரிட்ஜ் ஒழுகுகிறது, நாலு தடவை கூப்பிட்டாயிற்று, கடைவாய்ப்பல் வரைக்கும் வெறுத்துவிட்டது என்றார். பன்னிரண்டாவது! எனக்கு உற்சாகம் பீறிட்டது. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே. நம் பக்கத்தில் ஒருவர் சலித்துக்கொண்டால் ‘ஆமாங்க, எனக்கும் அதே கதைதான்’ என்று கூடச் சேர்ந்துகொள்வதுதானே மரியாதை? “யெஸ் சார், ஐ ஆம் ஆல்ஸோ ஃபெட் அப் டு தி பேக் டீத், சார்” என்றேன். அவர் மிகவும் மெதுவாக, “ஆர் யூ, இன்டீட்?” என்றார், ‘அப்படியா, உனக்குமா?’ என்பதுபோல். போன் வைக்கப்பட்டது.

மறுநாள் அந்த ஒலிப்பதிவைப் பிரகாஷ் வகுப்பில் எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம் ஆயிற்று. ரேவதி மட்டும் சிரிக்கவில்லை, குனிந்து பேனாவைத் தேடிக்கொண்டிருந்தாள். எனக்கு மதிப்பெண் பூஜ்யம். “இன்னொரு ஜீரோ வாங்கினீங்கன்னா என் கையில ஒண்ணும் இல்ல” என்றார் பிரகாஷ். ஐந்தாவது நாற்காலி என் கண் முன்னால் வந்து நின்றது. 

ரயிலில் செல்வியக்காவிடம் சொன்னேன். அவளுக்குக் கடைசி வரை தப்பு எது என்றே விளங்கவில்லை. “எழவு வூட்டுக்குப் போனா நாமளும் கட்டிப் புடிச்சிகினு சேந்து தான அழுவோம்? ‘உங்க துக்கம் எனுக்குப் புரியுது’ன்னா சொல்லிகினு நிப்போம்? செருப்பால அடிப்பாங்கோ” என்றாள். சிரித்துவிட்டேன். ஆனால் வேலைக்கு அது உதவாதே என்று, மறுநாளிலிருந்து கிளி மாதிரி அந்த ஒரே வரியைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் மாதக் கடைசியில் தீர்ப்பு நாள். பிரகாஷ் என் பக்கத்தில் உட்கார்ந்து, இன்னொரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கையில் தாளோடு கேட்பார். ஓர் அழைப்பு, ஆறு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். எந்த ஊரிலிருந்து பேசுகிறோம் என்று மூச்சு விடக் கூடாது. வரிகள் தவறக் கூடாது. தவறினால் வீட்டுக்குப் போகலாம், அதாவது மாமா ஆபீசுக்கு.

வந்தது ஒரு வயதான அம்மாவின் குரல். வடக்கு இங்கிலாந்துப் பக்கம், வாயில் வெற்றிலை போட்டுக்கொண்டு பேசுகிற மாதிரி ஓர் இங்கிலீஷ். வாஷிங் மெஷின் நின்று மூன்று வாரம். மூன்று தடவை மெக்கானிக் வருவதாகச் சொல்லி, மூன்று நாளும் காலையிலிருந்து மாலை வரைக்கும் வீட்டை விட்டு நகராமல் காத்திருந்தாராம். யாரும் வரவில்லை. அவர் வாயிலிருந்து வந்த வரிசை இருக்கிறதே! ஏழு, பத்தொன்பது, நாலு, மறுபடி ஏழு. பெட்டியில் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஏறுவதைப் போல எனக்கு இருந்தது. அத்தனையும் புரிந்தது. ஒரு சொல்கூடத் தவறாமல் புரிந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் மலைகளை ஒப்பித்தவளா நான்?

“ஐ அண்டர்ஸ்டாண்ட் யுவர் ஃப்ரஸ்ட்ரேஷன், மேடம்” என்றேன்.

“நோ, யூ டோன்ட், லவ்” என்று கத்தினார். அந்தப் பக்கத்தில் ‘லவ்’ என்பது நம் ‘கண்ணு’ மாதிரி. உனக்கு ஒன்றும் புரியாது, ஒரு நாள் முழுக்க ஒருத்தனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்தான் தெரியும் என்றார்.

எனக்குப் புரியாதா? எனக்கா? ரோஷம் வந்துவிட்டது. தாள், பிரகாஷ், ஆறு நிமிடம் எல்லாம் மறந்துபோனது. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். “மேடம், எங்கள் தெருவுக்குத் தண்ணி லாரி வரும். செவ்வாய்க்கிழமை என்பார்கள். நாங்கள் குளிக்க மாட்டோம், கடைக்குப் போக மாட்டோம், குடத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். வராது.”

பிரகாஷ் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். தண்ணி லாரி! எந்த ஊர் என்று சொல்ல இனி என்ன மிச்சம்?

அந்தம்மா, “அப்புறம் எப்போதுதான் வரும்?” என்று கேட்டார்.

“அம்மா கோயிலுக்குப் போன நிமிடம் வரும், மேடம். ஒரே ஒரு ஹார்ன் அடித்துவிட்டுப் போய்விடும்.”

அந்தம்மா சிரித்தார். கரகரவென்று, இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். “பிளடி டிபிக்கல்” என்றார், எங்கேயும் இதே கதைதான் என்கிற மாதிரி. அது முப்பதில் இல்லை. தாளின் ஓரத்தில் முப்பத்தொன்று என்று எழுதிக்கொண்டேன்.

ஹார்ன் என்று சொன்னதும்தான் எனக்கே ஒன்று உறைத்தது. மெக்கானிக் மூன்று தடவையும் ‘வீட்டில் ஆள் இல்லை’ என்று எழுதி வைத்திருந்தது என் கம்ப்யூட்டர் திரையில் தெரிந்தது. லாரிக்காரரும் எங்களைப் பற்றி அதைத்தான் சொல்வார். அடுப்படியில் இருந்தால் எங்களுக்கு ஹார்ன் கேட்காது. அதனால் அம்மா செவ்வாய்க்கிழமைகளில் வாசற்படியிலேயே உட்கார்ந்து கீரை ஆய்வாள். “மேடம், காத்திருக்கும்போது நீங்கள் எங்கே உட்கார்ந்திருப்பீர்கள்?” என்று கேட்டேன்.

பின்கட்டு அடுப்படியில், கெட்டில் பக்கத்தில் என்றார்.

“வாசல் மணி அங்கே கேட்குமா?”

“ஓ” என்றார். மணி குளிர்காலத்திலிருந்தே வேலை செய்யவில்லையாம். அவருக்கு வருபவர்கள் எல்லோரும் பின்வாசல் வழியாகவே வந்து பழகியதால் மறந்தே போயிற்றாம். குரல் சிறுத்துவிட்டது. உங்கள் தப்புதான் என்று அவருக்குத் தோன்றிவிடக் கூடாதே என்று, “எங்கள் லாரியும் இரண்டு ஹார்ன் அடித்திருக்கலாம், மேடம்” என்றேன். பின்வாசலைத் தட்டச் சொல்லி, வரும் முன் போன் செய்யச் சொல்லிக் குறிப்பு எழுதி, மறுநாளைக்கே ஆள் வரும்படி பதிவு செய்தேன். பதினான்கு நிமிடம் ஆகியிருந்தது. பிரகாஷ் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து போனார்.

அன்றிரவு அம்மாவிடம் மட்டும், பெட்டியின் கழுத்துக் கை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். மறுநாள் ரயிலில் ஏறியதும் செல்வியக்கா என் முகத்தைப் பார்த்தே கையைக் கழுத்தில் வைத்தாள்.

ஒரு நாள் கழித்து, மதியம் மூன்று மணி இருக்கும். பிரகாஷ் என் மேஜைக்கு வந்தார். “உங்க வாட்டர் லாரி லேடி லைன்ல இருக்காங்க. சூப்பர்வைசர்தான் வேணும்னு கேட்டாங்க, நான்தான் பேசினேன்” என்றார். மெஷின் ஓடுகிறதாம். அந்தம்மா அவரிடம் பத்து நிமிடம் பேசியிருக்கிறார். மூன்று வாரத்தில் தன்னிடம் பேசிய ஒரே மனுஷி அந்தப் பெண்தான் என்றாராம். போனை என்னிடம் கொடுத்தார் பிரகாஷ். “செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்ததா, லவ்?” என்று கேட்டது குரல்.

வந்தது என்று சொன்னேன். வரவில்லை. சொல்லும்போதே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அதைக் கணக்கில் எடுத்தால் பொய்யில்லை.

பிரகாஷ் தாளில் எத்தனை மதிப்பெண் போட்டார் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. வேலை நிரந்தரமாயிற்று. அடுத்து வந்த புது ஆட்களுக்கு, என் பூஜ்யத்தைப் போட்டுச் சிரித்த அதே அறையில், அந்தப் பதினான்கு நிமிடத்தையும் போட்டுக் காட்டினார். நான் கதவுக்கு வெளியே நின்று முழுசாகக் கேட்டேன். தலைகால் புரியாத சந்தோஷம் என்பார்களே, அது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். விஷயம் தெரியாமல், “நாற்காலிக்குப் புது மெத்த போட்டுக்கீறேன், எப்ப வர?” என்றார். நான் உள்ளங்கையைக் கழுத்துக்கு நேராக வைத்து, “அப் டு ஹியர், மாமா” என்றேன். அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவும் கரண்டியோடு கையைக் கழுத்தில் வைத்தாள். மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இரண்டு வருஷம் கழித்து, வெளிநாட்டில் இருக்கும் ஒருவர் மனை கேட்கிறார், போனில் கொஞ்சம் பேசிக் கொடு என்று அவரே என்னிடம் வந்து நின்றார். பேசினேன். நிலத்தடி நீரைப் பற்றி மட்டும் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அந்த வேலை பிறகு வேறு தேசத்துக்குப் போய்விட்டது. அந்த மாடியில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். ரேவதி கனடாவில் இருக்கிறாள். செல்வியக்கா எப்போது அந்த வண்டியில் வருவதை நிறுத்தினாள் என்று நான் கவனிக்காமலே இருந்துவிட்டேன், அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. போன மாதம் தாம்பரத்திலிருந்து பெண்கள் பெட்டியில் போனேன். நல்ல கூட்டம், ஆனால் ஒரு சத்தமில்லை. எல்லோர் காதிலும் ஏதோ மாட்டியிருந்தது. ஒரு பெண் யாரிடமோ போனில் அழுதுகொண்டிருந்தாள். பக்கத்திலிருந்தவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாஷிங் மெஷினுக்கு வருகிறேன். சிரித்து முடித்த பிறகு அந்த இயந்திரக் குரலிடம், “இல்ல, உனக்குப் புரியாது” என்று சொல்லிப் பார்த்தேன். “மன்னிக்கவும், மீண்டும் சொல்லுங்கள்” என்றது. கையைக் கழுத்துக்கு நேராக வைத்து, “அப் டு ஹியர்” என்றேன். அதற்குக் கை தெரியாது. அந்தப் பதினொரு மணிப் பெட்டியாக இருந்திருந்தால், எதிர்சீட்டிலிருந்து இன்னும் நாலு கை எழுந்திருக்கும்.